நாலு வயசுத் திருடன்

பின்புலச் சோதனையில் கார் திருட்டு வழக்கு வந்ததாகச் சொல்லி, வாடகைக் கார் ஓட்டும் தம்பியை நிறுவனம் நிறுத்திவிட்டது. அக்கா அறிக்கையை வரி விடாமல் படித்தாள். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் தம்பி அப்பா பெயரை எழுதியிருந்தான். அந்தப் பெயருள்ள எவனுடைய வழக்கையோ இவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

"தீர்ப்பு வந்தப்ப இவனுக்கு நாலு வயசு சார். பிறந்த தேதி உங்க தாள்லயே இருக்கு" என்று, தம்பியோடு நிறுவன அலுவலகத்துக்குப் போய் விரல் வைத்துக் காட்டினாள்.

அதிகாரி நிமிரவில்லை. "அது நீங்க இல்லைன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க, தம்பி."

"அந்த வயசுல இவன் ஓட்டினது நடைவண்டி. அதுக்கும் எழுதி வாங்கணுமா?"

அப்போதுதான் அவர் தேதியைப் பார்த்தார். கணினியில் இரண்டே தட்டுத் தட்டித் தடையை நீக்கினார். "இனிமே கட்டத்தைச் சரியா நிரப்புங்க."

பதினெட்டு நாள் வேலையில்லாமல் கிடந்தவன், "ரொம்ப நன்றி சார்" என்று கும்பிட்டான். அந்தக் கூப்பிய கைகளை அக்கா பிடித்துக் கீழே இறக்கினாள்.