பேய்க்கதையில் நான் செய்த கலப்படம்

இன்று சாயங்காலம் எங்கள் ரூமில் இரண்டு ஜப்பான் பெண்கள் செத்துப்போனார்கள்.

கொன்றது நான்தான். (போலீஸுக்குச் சொல்ல வேண்டாம், லேப்டாப்புக்குள்தான்.)

ஷார்ஜா ரோலாவில் ஒரே ரூம், மூன்று கட்டில், மூன்று பெண்கள். ஃப்ளாட் மும்தாஜ் லாத்தா (அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பெயரில் இருக்கிறது. கீழக்கரைக்காரர், கீழே அபாயா தைக்கும் கடை வைத்திருக்கிறார். யார் தங்கலாம், யார் பெட்டியைக் கட்டலாம் என்பதெல்லாம் அவர் முடிவு. அடுத்தவர் ஜெசிந்தா அக்கா, நாகர்கோவில், நர்ஸ். மூன்றாவது நான், டைப்பிங் சென்டர்.

நான் பாட்டுக்கு ஒரு ஜப்பான் விஷுவல் நாவல் விளையாடிக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்கு: திரையில் படம், கீழே வசனம். படித்துப் படித்துக் கிளிக் செய்ய வேண்டும். நடுவில் கேள்வி வரும். நாம் தரும் பதிலை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பதும் சாவதும்.

பங்கு ரூமில் எதையாவது தனியாக ரசிக்க முடியுமா? முடியாது.

ஹெட்போன் போட்டு நான் ஒருமுறை அலறியதுதான் தாமதம், ஜெசிந்தா அக்கா கட்டிலை விட்டு இறங்கி வந்துவிட்டார். பேய்க்கதை என்றதும் லாத்தாவும் வந்தார். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு (நர்ஸ் அக்காவுக்கும் கண்ணாடி இல்லாமல் அந்தப் பொடி எழுத்து தெரியாது). அன்று முதல் டியூட்டி முடிந்து வந்ததும் ஆளுக்கொரு சாயா, நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். (சம்பளம்: ஒரு சமோசா.)

கதை இதுதான். மலைமேல் மூடிக்கிடக்கும் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் சயோகோ, மினே என்று இரண்டு கல்லூரிப் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். செத்துப்போன விடுதி முதலாளியம்மாதான் பேய்.

அந்தப் பெண்கள் இருவரும் காதலர்கள்.

இங்கேதான் கலப்படம் செய்தேன். வாய் கூசாமல் அவர்களை அக்கா தங்கை ஆக்கிவிட்டேன்.

பயம்தான். கட்டில் போய்விடுமோ என்று பயம். அதைவிட, இத்தனை நாள் தலைவலித்தால் தைலம் தேய்த்துவிட்ட இரண்டு பேரும் நாளையிலிருந்து என்னை வேறு மாதிரி பார்ப்பார்களோ என்று பயம்.

ஒரு பொய் சொன்னால் அதோடு விடுகிறதா? சயோகோவுக்கு வேறொருத்தி எழுதிய கடிதத்தைப் பார்த்து மினே பொறாமையில் அழுதாள். நான் அதைச் சொத்துத் தகராறு என்றேன். மூன்றாம் அத்தியாயத்தில் முத்தம் வந்தது. காய்ச்சல் பார்க்கிறாள் என்றேன்.

ஜெசிந்தா அக்காவுக்கு நர்ஸ் புத்தி விழித்துக்கொண்டது.

"காய்ச்சல் பாக்க அவளுக்குக் கையி இல்லியாட்டி?"

இருட்டில் கை தெரியவில்லை என்று சமாளித்தேன். (எனக்கே கேவலமாக இருந்தது.)

இன்று கடைசிக் கட்டம். வெளிவாசலை மறித்துக்கொண்டு பேய் சயோகோவிடம் கேட்கிறது, இவள் உனக்கு யார் என்று.

பதில்கள் மூன்று. தோழி. தங்கை. நான் காதலிப்பவள்.

நான் முதல் இரண்டை மட்டும் வாசித்தேன்.

"தங்கச்சி" என்றார்கள் லாத்தாவும் அக்காவும்.

மூன்றாவதுதான் சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். லாத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதை அழுத்திவிட்டேன்.

பேய் சிரித்தது. வாசல் மூடியது. கொதிநீர் ஏறி இருவரும் மூழ்கினார்கள். இந்த விளையாட்டில் தப்புப் பதில் சொன்னால் மறுபடி முதல் பக்கம்தான். பேய் ஏமாற்றிவிட்டது என்று லாத்தாவிடம் சொன்னேன்.

"பேய் ஏமாத்தல, நீதான் ஏமாத்துன. மூணு வரி இருந்துச்சு, ரெண்டத்தான் வாசிச்சே. எனக்கு இங்கிலீசு வராது, எண்ண வரும். கண்ண மூடிக்கிட்டு எவளாச்சும் காய்ச்சல் பாப்பாளா? அன்னைக்கே எங்களுக்கு வெளங்கிருச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்தோம்."

ஜெசிந்தா அக்காவும் தலையாட்டினார். இருவரும் சமையலறையில் வைத்துப் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம். தெரிந்துகொண்டு ஏன் தங்கச்சி என்றீர்கள் என்று கேட்டேன்.

"நீ குடுத்த ரெண்டுல ஒண்ணத்தான சொல்ல முடியும்" என்றார் அக்கா.

என் கட்டில் போய்விடும் என்று பயந்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. லாத்தாவுக்கு எரிச்சல்தான் வந்தது.

"பாத்திரத்தக் கழுவாமப் போட்டாத்தான் கட்டில் போவும். நீ பயந்து, அந்தப் புள்ளையளக் கொன்னுட்டே. மொதல்ல இருந்து வாசி. ஒண்ணும் விடக்கூடாது."

படித்த பக்கங்களை வேகமாகத் தாண்ட ஒரு பட்டன் இருக்கிறது என்றேன். அதெல்லாம் மாஃபி, கலாஸ் (கிடையாது, பேச்சு முடிந்தது) என்று எழுந்துவிட்டார்.

ஆக, அத்தனை சாயங்காலமும் மறுபடியும். அதுகூடப் பரவாயில்லை. நாலு நாளில் அந்த மூன்றாம் அத்தியாயம் வந்துவிடும். 'காய்ச்சல்' பார்ப்பதற்கு முன்னால் மினே ஒரு வரி சொல்கிறாள். இங்கிலீஷில் மூன்றே வார்த்தை. தமிழில் என்னவென்று சொல்வது? 'உன்னை நேசிக்கிறேன்' என்றால் டப்பிங் சீரியல். 'உன்ன லவ் பண்றேன்' என்றால் பஸ் ஸ்டாண்ட்.

உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று லாத்தாவிடமே கேட்டேன்.

கையிலிருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட யாரும்மா சொன்னா, எனக்குத் தெரிய?"

ஜெசிந்தா அக்கா கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

தெரிந்தவர்கள் யாராவது கமென்ட்டில் எழுதுங்கள். இரண்டு பேர் முதல் தடவையாகக் கேட்கப்போகிறார்கள், நன்றாக இருக்க வேண்டும்.