பிரேக்கின் காது

மூன்றாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவன் நான். ஒரு வாளி, ஒரு துணி என்று தொடங்கி, இன்று ஒரே நேரத்தில் ஆறு வண்டி கழுவும் இடத்துக்கு முதலாளி. யாரும் தூக்கிவிடவில்லை. போகட்டும், இது என்னிடம் இருபத்திரண்டு வருடமாக வண்டி கழுவும் நுரையின் கதை.

எந்நேரமும் சட்டை முழுக்க சோப்பு நுரையோடு நிற்பதால் அந்தப் பெயர். கம்ப்ரசர் இரைச்சலிலேயே வாழ்ந்து அவனுக்குக் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வான். பின்னால் வண்டி நகர்ந்தால் எங்கள் நாய் பிரேக் ஓடி வந்து அவன் முழங்காலை மூக்கால் இடிக்கும்; அவன் ஒதுங்கிக்கொள்வான். அந்த நாயை நம்பித்தான் அவனை வேலையில் வைத்திருந்தேன்.

அந்த நாய்க்கே இரண்டு காதிலும் சீழ் வைத்துவிட்டது. மூன்று முறை சொட்டு மருந்து போட்டும் ஆறுவதுபோல் ஆறி, மறுபடி வந்தது. நான்காவது முறை நாயையும் நுரையையும் என் காரிலேயே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பஞ்சுக் குச்சியில் காதழுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"காதுக் குழாய் வீங்கி அடைக்குது. இந்தத் தடவையும் ஆறலேன்னா குழாயையே வெட்டி எடுக்கணும். அப்புறம் சரியா காது கேக்காது."

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த நுரையின் முகம் வெளுத்தது.

"எப்பெல்லாம் குளிப்பாட்டுவீங்க?"

"தினம் ரெண்டு வேளைம்மா. ஹோஸ் புடிச்சு, ஷாம்பு போட்டு. மொதலாளி ஆர்டர். நம்ம எடத்துல ஈகூட குளிச்சிட்டுத்தான் உக்காரணும்பாரு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "காதுல தண்ணி தங்கித் தங்கித்தான் இது போகவே மாட்டேங்குது. நீங்க வளக்கறது நாயா, காரா?"

எத்தனையோ பேர் வாயை அடைத்தவன் நான். அன்று மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

குளியலை நிறுத்தச் சொன்னேன்.

"நாறுமே, மொதலாளி."

"நாறட்டும்டா. யாராவது கேட்டா என்னைக் கைகாட்டு."

கழுவும் மருந்தைக் காதில் ஊற்றி அடிப்பக்கத்தைப் பிசைய வேண்டும். சளக் சளக்கென்று கேட்டால்தான் அது உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நாய் தலையை உதறியதும், வெளியே வந்த அழுக்கைத் துடைத்துவிட்டுச் சொட்டு மருந்து. நுரைக்கு அந்தச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? தினமும் காலையில் அவன் பிசைய, சத்தத்தைக் கேட்டுச் சொல்ல இஸ்திரி கலையாத வேட்டியோடு ஈரத் தரையில் நானே உட்கார்ந்தேன்.

"வருதா மொதலாளி?"

"வரலடா. கீழ புடி. இன்னும் கீழ. ஆங், வருது."

இரண்டாம் வாரமே நாய் சொறிவதை நிறுத்தியது. போதும் என்றேன். முந்தைய மூன்று முறையும் அப்படித்தான், சொறிவது நின்றதும் மருந்தை நிறுத்தியிருந்தோம்.

நுரை பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "டாக்டரம்மா மறுபடி பாத்துச் சொன்னாத்தான் நிறுத்தணும்னாங்க. உங்களுக்குத்தான் காது நல்லா கேக்குமே, மொதலாளி, கேக்கலியா?"

என்னை அப்படிக் கேட்க ஊரில் வேறு ஆள் கிடையாது. உட்கார்ந்தேன்.

ஆறாவது வாரம் மைக்ராஸ்கோப்பில் கிருமி இல்லை. வலது காது முழுதாகத் தேறியிருந்தது. இடது குழாய் தடித்துப்போய், அந்தப் பக்கம் கேட்பது கொஞ்சம் மந்தம்தான். வெட்ட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நுரை நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் பார்த்தால், வருடக்கணக்காக நின்ற இடத்தை விட்டு எதிர்ச் சுவரோரம் வாளியோடு நிற்கிறான். நாய் படுக்கும் சாக்கும் அங்கே வந்திருந்தது.

"எதுக்குடா எடத்த மாத்தின?"

"பிரேக் இங்க படுத்தா அதோட வலது காது வண்டி வர்ற வாசல் பக்கம் இருக்கும், மொதலாளி."

ஒரு வேன் பின்னால் நகர்ந்தது. பிரேக் எழுந்து போய் அவன் முழங்காலை இடித்தது.