உரியவர் வராத கோட்டு

என் மாமியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதப்போகிறேன் என்றால் என் தங்கையே நம்பமாட்டாள். அவளிடம் நான் இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருப்பது வேறு கதை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் அத்தை எதையும் உடைப்பதே இல்லை. அதனால் அந்தப் பழமொழியைச் சொல்லிக்காட்டக்கூட எனக்கு ஒரு வாய்ப்பு அமையவில்லை.

அத்தைக்குச் சலவை நிலையத்தில் வேலை. மண்டபங்களுக்கும் விடுதிகளுக்கும் மேசைவிரிப்பு, திரை, தலையணை உறை, பணியாளர் உடுப்பு எல்லாம் வெளுத்து, நீராவி இஸ்திரி போட்டு அனுப்புகிற இடம். சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு இஸ்திரி மேசைதான். முழங்கை வரை சூடுபட்ட தழும்புகள் இருக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளுக்க வரும் உடுப்பின் பையில் என்ன இருந்தாலும், கிழிந்த டிக்கெட்டே ஆனாலும், பத்திரமாக எடுத்து வைத்து, இஸ்திரி முடிந்ததும் அதே பையில் திரும்ப வைத்துவிட வேண்டும். வீட்டிலும் அத்தை அப்படித்தான். என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பாதி தின்ற மிட்டாய் கிடந்தால் வெளுத்த சட்டையிலும் அது கிடக்கும்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். "இதையெல்லாம் தூக்கிப் போட்டா என்ன அத்தை?"

"துணி நம்மளது இல்லம்மா. கொடுத்தவங்க வந்து வாங்கற வரைக்கும் அது நம்ம வீட்டு விருந்தாளி" என்றார்.

அப்படி ஒரு விருந்தாளி எங்கள் அலமாரியில் என் வீட்டுக்காரரின் வயதுக்குக் குடியிருந்தது. கனமான காக்கிக் கோட்டு, உள்ளே சிவப்புத் துணி வைத்துத் தைத்தது. என் உடுப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கும். அதற்கு மட்டும் தனிக் கொக்கி. மழைக்காலம் முடிந்ததும் அத்தை அதை வெளியே எடுத்து, தூசி தட்டி, வெயில் காட்டி, ஈரத்துணி போட்டுத் தேய்த்து மாட்டுவார். சலவை நிலையத்தில் கட்டுவது போல ஒரு துணிச்சீட்டும் அதில் கட்டியிருந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'உரியவர்' என்று மட்டும் இருக்கும்.

கோட்டின் கதையை நான் கல்யாணமான வாரமே கேட்டுவிட்டேன். அத்தை நிறைமாதம் ஆவதற்கு முன்பே, பெரிய ஊரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குத் தனியாக ரயில் ஏறியிருக்கிறார். வழியில் வலி எடுத்துவிட்டது. கொட்டுகிற மழையில் ஒரு சின்ன ஸ்டேஷனில், அதே பெட்டியில் இருந்த இரண்டு பெண்கள் அவரை இறக்கிவிட்டு, கூடவே இருந்து பிரசவம் பார்த்தார்கள். பிள்ளை முன்கை நீளம்கூட இல்லை. சரியாக அழவும் இல்லை. அந்த ஸ்டேஷனில் வேலையிலிருந்த சிக்னல்காரர் தன் கோட்டைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினார். அடுத்து வந்தது எக்ஸ்பிரஸ் வண்டி, அங்கே நிற்கவே நிற்காது. அவர் சட்டையோடு மழையில் நின்று சிவப்பு விளக்கைக் காட்டி அதை நிறுத்தி, தாயையும் பிள்ளையையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

உடம்பு தேறியதும் அத்தையும் மாமாவும் அங்கே போனார்கள். ஸ்டேஷனை மூடிவிட்டிருந்தார்கள். அன்று யார் வேலையில் இருந்தார் என்று எந்த அலுவலகத்திலும் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு காக்கி உடுப்புப் போட்ட யாரைப் பார்த்தாலும் அத்தை ஒரு நொடி நின்று முகத்தைப் பார்ப்பார். தெருவில் தபால்காரர்கூட அதற்குத் தப்பியதில்லை.

அன்று பிறந்த பிள்ளைதான் என் வீட்டுக்காரர். நண்பர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'லேட்டு'. பிறக்கும்போது காட்டிய அவசரத்தோடு அவர் வாழ்நாள் அவசரமெல்லாம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கே மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினார்கள்.

போன மாதம் நகர மண்டபத்தில் மாதிரி ரயில் கண்காட்சி நடந்தது. மேசைகளைச் சுற்றிக் கட்டிய நீலத் துணியெல்லாம் அத்தையின் சலவை நிலையத்திலிருந்து போனவை. மேலாளர் மூன்று அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்.

"பொம்மை ரயிலப் பாத்து நான் என்ன பண்ணப்போறேன்? மடிப்பெல்லாம் ஒழுங்கா கட்டியிருக்காங்களான்னு பாத்துட்டு வந்துடலாம்" என்றார் அத்தை.

எங்களை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு வருவதாக என் வீட்டுக்காரர் போனார். அவருக்காகக் காத்திருந்தால் கண்காட்சியே முடிந்துவிடும் என்று நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

உள்ளே ஒரே கூட்டம். மலை, சுரங்கம், பாலம் என்று மேசைக்கு மேசை ஓர் உலகம். அதில் விரல் தடிமன் ரயில்கள் வளைந்து வளைந்து ஓடின. எல்லாரும் குனிந்து ரயிலைப் பார்க்க, அத்தை ஒவ்வொரு மேசைக்கும் கீழே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு மானம் போயிற்று. கடைசி மூலையிலிருந்த மேசையில் துணி கோணலாகத் தொங்கியது. பொறுப்பாரா? மண்டியிட்டு உட்கார்ந்து மடிப்பை நீவ ஆரம்பித்துவிட்டார்.

அந்த மேசையில் பெரிய காட்சி எதுவும் இல்லை. ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு பெஞ்சு, தொங்கும் மணி, அவ்வளவுதான். பின்னால் முக்காலியில் தடித்த கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் கையில் வண்டியை நிறுத்தும் விசையோடு இருந்தார். நீளமான வண்டி ஒன்று ஓடி வந்து அந்த ஸ்டேஷனில் நின்றது, கிளம்பியது, ஒரு சுற்றுப் போய் மறுபடி வந்து நின்றது.

வேடிக்கை பார்த்த ஒருவர் பொறுமையிழந்துவிட்டார். "என்ன பெரியவரே, வந்து வந்து நிக்குதே? ரிப்பேரா? எக்ஸ்பிரஸ் எங்கயாவது இவ்ளோ சின்ன ஸ்டேஷன்ல நிக்குமா?"

"நிக்காது" என்றார் பெரியவர். "ஒரே ஒரு தடவ நின்னுச்சு."

துணியை நீவிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. தலையை நிமிர்த்தினார். மண்டியிட்டிருந்ததால் அந்த பிளாட்பாரம் சரியாக அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. நானும் குனிந்து பார்த்தேன். மழையில் நனைந்ததுபோல் பளபளக்கும் தரை. குடையும் கோட்டுமாக நாலைந்து ஆட்கள். ஒருவர் மட்டும் வெறும் வெள்ளைச் சட்டையில் சிவப்பு விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார். பெஞ்சில் ஒரு பெண், அவள் மடியில் நெல்மணி அளவுக்கு ஒரு காக்கி மூட்டை.

அத்தை அந்த மூட்டையை விரலால் காட்டினார். "அது... கோட்டு தானே?"

பெரியவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆமாம்மா. எல்லாரும் சாக்குன்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உள்ள சிவப்புத் துணி வெச்சுத் தச்சது" என்றார் அத்தை.

பெரியவர் கையிலிருந்த விசையை மறந்துவிட்டார். அந்த எக்ஸ்பிரஸ் முதல் தடவையாக நிற்காமல் ஓடியது. எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தார். கோட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பிள்ள பொழச்சுதாம்மா?"

நாங்கள் இத்தனை வருஷம் இவரைத் தேடினோம். இவர் இத்தனை வருஷமாக இந்த ஒரு கேள்வியோடு இருந்திருக்கிறார்.

"வண்டி கிளம்பறப்ப அது அழவே இல்லையே. எத்தனயோ வாட்டி நினைச்சுப்பேன். ஆஸ்பத்திரில போய்க் கேட்டேன், பேரு தெரியாம எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அதான் இதச் செஞ்சேன். போற எடமெல்லாம் கொண்டுபோய் வெக்கிறேன். யாராவது பாத்து ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்களான்னு..."

அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. அதைப் பார்த்ததும் பெரியவர் தப்பாகப் புரிந்துகொண்டார். முகம் தொங்கிப்போயிற்று. "சரிம்மா, விடுங்க. ஏதோ நம்மால ஆனது..." என்றார்.

நான் பதறிப்போய் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அந்த மனுஷன் நேரத்துக்கு வந்த நாள் அது ஒன்றுதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வழியில் வாங்கிய பன்னைக் கடித்தபடி, சட்டையெல்லாம் துணுக்குகளோடு வந்தார்.

"ஐயா, பொழச்சுது. அதோ, பன்னு தின்னுகிட்டு வருது பாருங்க" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, மூணு பேரும் அழுதுகிட்டு நிக்கறீங்க? ரயில் கவுந்துடுச்சா?"

பெரியவர் அவர் இரண்டு தோளையும் பிடித்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தொப்பையைப் பார்த்தார், வழுக்கையைப் பார்த்தார். பிறகு தன் முன்கையை நீட்டி அளவு காட்டி, "இவ்ளோதாம்ப்பா இருந்தே" என்று விசும்பினார். விஷயம் புரிந்ததும் என் வீட்டுக்காரர் பன்னை என் கையில் திணித்துவிட்டு அவர் காலில் விழப்போனார். பெரியவர் விடவில்லை, கட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை துணிச்சீட்டை அவிழ்த்துவிட்டுக் கோட்டைக் கொடுத்தார்.

"தாமதமாயிடுச்சு அண்ணே, மன்னிச்சுக்கணும்."

பெரியவர் அதைப் போட்டுக்கொண்டார். இளைத்துவிட்டதால் கோட்டு தொளதொளவென்று இருந்தது. பழக்கதோஷத்தில் கையைப் பைக்குள் விட்டவர் திகைத்தார். உள்ளே ஒரு பித்தளை விசில்.

"அட! இதத் தொலைச்சதுக்கு என்கிட்ட விளக்கம் கேட்டாங்களே!" என்றார். "வண்டிய நிறுத்துனதுக்குக்கூட ஒண்ணும் சொல்லல." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மின்விசிறி ஓடியும் வேர்த்துக்கொட்டிய அந்த மத்தியானத்தில், கிளம்புகிறவரை அவர் கோட்டைக் கழற்றவே இல்லை.

நான் கும்பிடத் தெரிந்தவள் இல்லை. ஆனால் அவருக்கும், அந்த மழையில் கூட நின்ற முகம் தெரியாத இரண்டு பெண்களுக்கும், கோணல் மடிப்பைப் பார்த்துப் பொறுக்காத என் மாமியாருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் தாமதமாகத்தான் வருகிறார். கதவைத் திறந்ததும் முதலில், வந்துவிட்டாரே என்று நிம்மதியாக இருக்கிறது. அதன்பிறகுதான் திட்டுகிறேன்.