அம்மாவுக்கு அமைந்த பிறந்த வீடு

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகையைவிடச் சிரிப்பே முந்துகிறது. அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம்.

அம்மா பிறந்தது பிரான்சு நாட்டில், ஆற்றங்கரை மேட்டில் நின்ற ஒரு பழைய கோட்டை வீட்டில். தந்தையார் பரம்பரைப் பட்டம் உடைய பிரபு. நெசவு இயந்திரங்களைப் பற்றிப் படிக்க அந்நாட்டுக்குப் போயிருந்த அப்பாவை மணக்க அம்மா விரும்பினார். பிரபுவின் பதில் சுருக்கமானது. இனி இந்த வாசலில் கால் வைக்கக் கூடாது. இங்கே உன் பெயரை எவரும் சொல்ல மாட்டார்கள். அப்படியே நடந்தது. பின்னர் உலகப் போரும் வந்து, அங்கிருந்து வரக்கூடிய ஒன்றிரண்டு சேதிகளையும் நிறுத்திவிட்டது.

கோவையில் அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. வீட்டில் பெரியப்பா, பெரியம்மா என்று பெரிய குடும்பம். அம்மா விரைவில் கற்றுக்கொண்டவை: சேலை கட்டுவது, கட்டியில்லாமல் ராகிக்களி கிண்டுவது, காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவது. கடைசிவரை வராதவை: தரையில் சப்பணமிட்டு உட்காருவது, விருந்தாளி எழுந்தவுடன் போக விடுவது.

அம்மாவுக்குத் தமிழ் கற்பிக்க அப்பா தம் நண்பரான தமிழாசிரியர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் அவிநாசிக்காரர், கவிதை எழுதுபவர். தமக்குத் தெரிந்த தமிழில் அம்மா அந்த ஆற்றையும் கோட்டையையும் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் அவற்றைப் பாட்டாக எழுதினார். சிறு நூலாகவும் அச்சிட்டார். அப்பா அதை ஊருக்கெல்லாம் கொடுத்து மகிழ்ந்தார். ஊரோ, "அடுத்த ஊட்டுப் பொம்பளையப் பத்திப் பொஸ்தகமே போட்டுப்போட்டாரு வாத்தியாரு" என்று பேசியது. ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் எனக்குக் காது குத்துவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பள்ளியில் சேர்ந்த பிறகும் வெறுங்காதுதான். ஒருமுறை மழை என்றார்கள். மறுமுறை ஆசாரிக்குக் காய்ச்சல் என்றார்கள். உண்மைக் காரணம் வேறு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். சீர்த்தட்டும் தாயின் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். கடலுக்கு அப்பால் இருந்த என் மாமன்களுக்கு நான் பிறந்ததே தெரியாது. பெரியம்மாவின் தம்பியை உட்காரவைக்கலாம் என்றார் பெரியப்பா. எதற்கும் மறுப்புச் சொல்லாத அம்மா இதற்கு மட்டும் இசையவில்லை. "அவரு அக்காளோட தம்பிங்க. எனக்குன்னு ஒருத்தர் வேணுமுங்க" என்றார்.

கடைசியில் பெரியப்பா நாள் குறித்துவிட்டார். கூடம் நிறைய உறவினர். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். அம்மாவைக் காணோம். சற்று நேரத்தில் தெருவிலிருந்து, பட்டுச்சேலையில், தலையில் சீர்த்தட்டோடு அம்மா உள்ளே வந்தார். பின்வாசல் வழியாகப் போய்த் தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வந்திருக்கிறார்!

"ஏனம்மிணி, உன்ற ஊட்டுக்கு நீயே சீரு கொண்டாந்தா எப்புடி?" என்றார் பெரியம்மா.

"என்னங்கக்கா பண்றது? எங்க ஊட்டுலருந்து நான் ஒருத்திதானுங்க வந்திருக்கறேன்."

கூடமே சிரித்தது. பிறகு, சொன்னது உறைத்ததும் சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் இருந்த தமிழாசிரியர் எழுந்து வந்து தட்டுக்குக் கை நீட்டினார்.

"இங்க குடு தங்கச்சி. அண்ணன் இருக்கறப்ப நீ எதுக்குச் சொமக்கறே?"

பெரியப்பா தயங்கினார். "வாத்தியாரே, நீங்க நம்ம சாதி இல்லீங்களே?"

"நானுந்தானுங்க இல்லை" என்றார் அம்மா.

"இத்தன நாளு பாட்டெழுதிப்போட்டு இப்ப அண்ணனாமா?" என்று ஒரு குரல் வந்தது.

"பாட்டு முழுக்கத் தங்கச்சின்னுதானுங்க எழுதியிருக்கறேன். பொஸ்தகத்தைப் பிரிச்சே பாக்காமப் பேசிப்போட்டீங்க."

பெரியம்மா உள்ளே போய் நூலை எடுத்து வந்து பெரியப்பாவிடம் நீட்டினார். அவர் உரக்கப் படித்தார்:

கோட்டையை விட்டுக் கடல்கடந்து – எங்கள்
கொங்கு மண்ணேறிய தங்கச்சி!
கேட்டவர் யாரும் உறவென்பார் – உனக்கு
ஏதொரு குறையடி தங்கச்சி?

நூலை மூடினார். "உக்காருங்க மச்சான். ஆசாரி, ஆகட்டுமுங்க."

நான் மாமாவின் மடியில் அமர்ந்தேன். ஊசி பட்டதும் நான் அழுதது கொஞ்சம்; மாமா அழுததுதான் அதிகம். "ஏனுங்க, காது குத்தறது புள்ளைக்குங்களா, மாமனுக்குங்களா?" என்று ஆசாரி கேட்டது இன்றும் எங்கள் வீட்டுப் பேச்சில் உண்டு. அந்தப் பாட்டைப் பெண்கள் கும்மியடித்துப் பாடத் தொடங்கினார்கள். பொங்கல் தோறும் மாமா வீட்டிலிருந்து அம்மாவுக்குச் சீர் வந்தது.

அதன்பின் அம்மா இன்னும் துணிந்தார். தெருப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். விழுந்தவர்களுக்குக் காப்பி, விழாதவர்களுக்கு இரண்டாவது சுற்று. நான் மின்பொறியியல் படிக்கப் போனபோது, "பொட்டப்புள்ளைக்கு மோட்டாரு எதுக்குங்க?" என்றவரிடம், "உங்க கெணத்து மோட்டாரு நின்னுபோனா அவளத்தானுங்க கூப்புடோணும்" என்றார். பின்னாளில் அந்த மனிதர் உண்மையிலேயே கூப்பிட்டார், நானும் போனேன்.

இறுதி மாதங்களில் இதயம் தளர்ந்து அம்மா படுக்கையில் இருந்தார். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் வருவது யார் என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு விடியலில் உறக்கத்திலேயே அமைதியடைந்தார்.

பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்திய பிறகே இறந்த பெண்ணின் உடலை எடுப்பது நம் வழக்கம். மாமாவும் அத்தையும் அவிநாசியிலிருந்து முதல் பேருந்தில் சேலையோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்கள், ஆளுக்கொரு சேலையோடு நின்றார்கள். "நாங்களும் அக்காளுக்குப் பொறந்த ஊடுதானுங்க" என்றார்கள். யாருடையது முதலில் என்று சிறு வாக்குவாதமே மூண்டது. நேரமாகிறதே என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"பொறுங்க" என்றார் பெரியப்பா. "பொறந்த ஊடு பெருசு. எல்லாரும் போத்தட்டும்."

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், உடனிருந்து உதவியவர்களுக்கும், அன்று ஊர்வலத்தில் நடந்தவர்களுக்கும் நன்றி. இம்மலரில் 'பிறந்த வீட்டார்' என்று பெயர்கள் போட ஒரு பக்கம் ஒதுக்கினோம். இடம் போதவில்லை என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார். பெயர் விடுபட்ட மாமன்மாரும் சித்திமாரும் பொறுத்தருள வேண்டுகிறோம்.