மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல பாட்டில்

பரிசு கொடுக்க விஸ்கி வாங்க வருகிறவனை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். தனக்கு வாங்குகிறவன் நேராகத் தன் அலமாரிக்குப் போவான். பரிசுக்காரன் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி ஒவ்வொரு அலமாரிக்கும் முன்னால் நின்று நின்று நகர்வான், விலையைப் பார்த்து முகம் மாறுவான், கடைசியில் எந்தப் பெட்டி பெரிதாக இருக்கிறதோ அதைத் தூக்குவான். அப்போதுதான் கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "யாருக்கு சார்?"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைக் கடையில் எல்லோரும் ஜோசியர் என்று கூப்பிட்டார்கள். குடிக்கப்போகும் ஆளைக் கண்ணால் பார்க்காமலே அவருக்கு எது பிடிக்கும் என்று சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். லாரியிலிருந்து பெட்டி இறக்கும் வேலைக்கு வந்தவர். உடைந்த பாட்டில்களை மோந்து பார்த்தே தொழில் கற்றுக்கொண்டு கவுண்டருக்கு உயர்ந்தவர். அவர் கேட்கும் கேள்விகள் வேடிக்கையாக இருக்கும். குடிக்கப்போகிறவர் காப்பிக்குச் சர்க்கரை போடுவாரா, எவ்வளவு? பேசிக்கொண்டே குடிப்பவரா, குடித்துவிட்டுப் பேசுபவரா? தீக்குச்சி உரசின வாசம் பிடிக்குமா, மூக்கைச் சுளிப்பாரா? பதிலைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார். பிறகு ஏணியை நகர்த்தி ஏறி ஒரே ஒரு பாட்டிலை எடுத்து வருவார். இரண்டாவது பாட்டிலை எடுத்துக் காட்டும் வழக்கமே அவரிடம் கிடையாது.

மேலதிகாரிக்கு என்றால் வயதைப் பெரிதாக அச்சடித்த பாட்டிலாகக் கொடுப்பார். அவர் அதைக் குடிக்கப்போவதில்லை, வருகிறவர்களுக்குக் காட்டப்போகிறார். மாமனாருக்கு என்றால் நடுத்தர விலை. கூடினால் ஊதாரி என்பார், குறைந்தால் கஞ்சன் என்பார். புதிதாகக் குடிக்கத் தொடங்குகிறவனுக்குத் தேன் வாசமடிக்கும் லேசான ரகம். தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாட்டில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். திறந்த பாட்டிலை எந்தக் கடையும் திரும்ப வாங்காது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அவரும் குடிப்பார். ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்கு முன், அடி கனத்த கிளாஸில் இரண்டு விரற்கடை. சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மோந்து, காத்திருந்து, அரை மணி நேரம் வைத்துக் குடிப்பார். பிறகு மூடியைத் திருகி வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறுவரை அந்தப் பக்கம் திரும்பமாட்டார். இது தனக்கு உடம்போடு வந்த அதிர்ஷ்டம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தன் ரசனையின் பலன் என்று நினைத்தார். குடிகாரன் என்பவன் நல்ல சரக்கு கிடைக்காத பாவி, அவ்வளவுதான் என்று மனதார நம்பினார். ஆயுள் முழுக்கக் குடிகாரர்களுக்கு நடுவே நின்ற ஒரு மனிதர் இப்படி நம்பியது அநியாயம். ஆனாலும் நம்பினார்.

மனைவி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகளை அவர்தான் வளர்த்தார். அவளும் எதற்கெடுத்தாலும் அப்பாவைத்தான் கேட்பாள். பள்ளிக்கூடப் பை எது வாங்கலாம், என்ன படிக்கலாம், இந்தச் செருப்பு நல்லா இருக்கா, எல்லாமே அப்பா சொன்னால்தான். கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லும் அளவுக்கு வந்தபிறகும், தன் மூக்குக் கண்ணாடிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். லிஃப்ட் மெக்கானிக் ஒருவனைக் காதலித்து வீட்டுக்கு அழைத்து வந்தபோதும் அப்படித்தான். ஜோசியர் அவனிடமும் தன் கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை குறைவு, பேச்சும் குறைவு. கை சுத்தம், நகம் சுத்தம். அவன் போனதும் மகள் வாசற்கதவைச் சாத்திவிட்டு, "சரியாப்பா?" என்று கேட்டாள். சரி என்றார்.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து ஒரு மதிய நேரத்தில் அவள் கடைக்கு வந்தாள். பின்பக்கக் கிடங்கில் காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்காரர் குடிக்கிறார். வண்டியின் டூல் பெட்டியிலேயே குவார்ட்டர் இருக்கிறது. தண்ணீர்கூடக் கலப்பதில்லை. போன வாரம் குளியலறைக்குள் விழுந்து கிடந்தவரைக் கதவை உடைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பேசிப் பார்த்தாகிவிட்டது, அழுது பார்த்தாகிவிட்டது. அவளுடைய கம்பெனி வேறொரு ஊரில் புதிய கிளை திறக்கிறது. அவளையே மேனேஜராகப் போகச் சொல்கிறார்கள், யோசித்துச் சொல்லச் சில மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள்.

"நான் போயிடவாப்பா?"

ஜோசியர் கூரையைப் பார்த்தார். அந்த ஊருக்கு பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். அது முதலில் மனதில் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு, மாப்பிள்ளை குடிப்பது என்ன பிராண்டு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் முகம் கோணியது.

"அது விஷம்மா. அதைக் குடிச்சா எவனும் அப்படித்தான் ஆவான். நல்லதைக் குடிக்கப் பழகிட்டா நிதானம் தானா வந்துடும். என்கிட்ட விடு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். சொன்னது அப்பா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனாள்.

அடுத்த ஞாயிறு மதியம் ஜோசியர் ஒரு பாட்டிலோடும் இரண்டு கிளாஸோடும் மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தான், திட்டு விழப்போகிறது என்று. திட்டு விழவில்லை. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எந்தப் பீப்பாயில் கிடந்தது, ஏன் இந்த நிறம், தண்ணீர் விட்டதும் வாசம் ஏன் மாறுகிறது என்றெல்லாம் சொன்னார். மாப்பிள்ளை மோந்தான். "ஆப்பிள் தோல் வாசம் வருது மாமா," என்றான். ஜோசியருக்குப் புல்லரித்துவிட்டது. உண்மையிலேயே அதில் ஆப்பிள் தோல் வாசம் வரும். இத்தனை வருடத்தில் அவர் எடுத்துச் சொல்லாமல் அதைப் பிடித்தவன் யாருமில்லை.

அதன்பிறகு மாதம் ஒரு பாட்டில் போனது. நல்ல மாதங்கள் அவை, இல்லையென்று சொல்லக்கூடாது. மாப்பிள்ளை வெளியே குடிப்பதை நிறுத்தினான். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தான். மனிதனைப் போல நாற்காலியில் உட்கார்ந்து கிளாஸில் குடித்தான். மகள் முகத்தில் தெளிவு வந்தது. குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாள். ஜோசியரோ மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். கடை முதலாளியிடம், தனக்குப் பிறகு இந்தக் கவுண்டருக்கு ஆள் தயார் என்று சொல்லி வைத்தார்.

பிறகு ஒரு ஞாயிறு. மாதம் பாதி தாண்டியிருந்தது, பாட்டில் முக்கால் நிறைந்தே இருந்தது. மாப்பிள்ளை எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறான் என்று மகள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். மாப்பிள்ளையே ஊற்றினான். ஜோசியர் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனார்.

அது அந்த விஸ்கி இல்லை. பாட்டில் அதுதான், லேபிள் அதுதான். உள்ளே இருந்ததில் பாதிக்கு மேல் அந்தப் பழைய குவார்ட்டர் சரக்கு. பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி நாசியில் அடித்தது. நல்லதைக் குடித்துவிட்டு, அளவு குறையாமல் தெரிய மலிவானதை ஊற்றி வைத்திருக்கிறான். நிமிர்ந்தார். மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவின் மூக்கு எப்படிப்பட்டது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? அவன் கண் இரண்டும் கெஞ்சின.

அந்த நேரம் பார்த்து மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள்.

"கம்பெனிக்கு நாளைக்குப் பதில் சொல்லணும்பா. வரலைன்னு சொல்லிடலாமில்ல?"

ஒரு வாய் வார்த்தைதான் வேண்டியிருந்தது. கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, போம்மா என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவருக்கு எல்லாம் ஒன்றாக வந்தது. மாப்பிள்ளையின் முகம் வந்தது. வைத்தியம் பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிய அவமானம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ராத்திரி பஸ்ஸும், அது போனபிறகு தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடும் வந்தன. ஒரு மடக்குக் குடித்தார். தொண்டை எரிந்தது.

"சொல்லிடும்மா," என்றார்.

சொன்னதோடு சும்மா இருந்தாரா என்றால், இல்லை. அவர் மூளை வேலை செய்தது, கடைக்காரனின் மூளையாக. அடுத்த மாதம் கடும் புகை வாசமடிக்கும் ரகமாகப் பார்த்து எடுத்துப் போனார். அதில் வேறு எதைக் கலந்தாலும் புகை செத்துவிடும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அந்தப் பாட்டிலே அவனுக்குக் காவல் என்று கணக்குப் போட்டார். கலக்க முடியாது என்று தெரிந்ததும் மாப்பிள்ளை கலக்காமலே இரண்டையும் தனித்தனியாகக் குடித்தான். பாட்டில் மாதத்துக்கு ஒன்று என்பது போய், மகள் கண்ணில் படாமல் கடைக்கே வந்து வாங்கிக்கொண்டு போகும் அளவுக்கு ஆனது. ஜோசியர் கொடுத்தார். கொடுக்காவிட்டால் விஷத்தைக் குடிப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் மாப்பிள்ளையின் கை நடுக்கத்தைக் கவனித்தார்கள். முதலில் அவனை மேலே ஏறவேண்டாம் என்று ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். பிறகு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அதன்பின் கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி, ஒரு காலை ரத்த வாந்தி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கல்லீரலில் மிச்சம் எதுவும் இல்லை என்றார் வார்டு டாக்டர். என்ன குடித்தார் என்று அவர் கேட்கவில்லை, எவ்வளவு நாளாக என்றுதான் கேட்டார். சரக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த ஜோசியர் மூடிக்கொண்டார்.

மகள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போய்விட்டு மதியம் திரும்பினாள். வராந்தாவில் வரிசையாகத் தரையோடு திருகி வைத்திருந்த இரும்பு நாற்காலியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் காலிக் குவார்ட்டர்கள் குவிந்து கிடந்தன என்றாள். அவற்றோடு, எண்ணெய் ஊற்றும் சின்னப் புனல் ஒன்றும் இருந்ததாம்.

"நீங்க குடுத்த பாட்டில்ல அதை ஊத்தி வச்சிருக்காருப்பா. எனக்கு ஒண்ணும் தெரியல. உங்களையுமே ஏமாத்திட்டாரு, இல்ல?"

தப்பித்துக்கொள்ள அவளே வழியைத் திறந்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதிருப்பாள். இரண்டு பேரும் ஒரே ஆளால் ஏமாற்றப்பட்டவர்களாக எழுந்து போயிருக்கலாம். அவர் தலையாட்டவில்லை. உண்மைக்குப் பயந்து அல்ல. குவார்ட்டர் சரக்குக்கும் நல்ல விஸ்கிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று தன் மகள் நினைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த நிலைமையிலும் மனிதருக்கு மூக்குதான் பெரிதாக இருந்தது.

"எனக்குத் தெரியும்மா. மோந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"நான் கம்பெனி விஷயம் கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நர்ஸ் ஒருத்தி டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அது கடந்து போகும்வரை இரண்டு பேரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"முன்னாடி," என்றார்.

அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். அவரும் எழுந்தபோது, நீங்க வீட்டுக்குப் போங்க என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை அந்த வாரத்தைத் தாண்டவில்லை. கடைசியில் அவன் யாரையும் கேட்கவில்லை, தண்ணீர்தான் கேட்டான், அதைக் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தாறு வயது. நல்ல மூக்கு, நல்ல கை, யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவனுக்காக அழ நிறையப் பேர் வந்தார்கள். ஜோசியர் ஓரமாக நின்று அழுதார், மாமனார் அழுகிறார் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். மகள் சொல்லவில்லை.

அந்த ஊர்க் கிளைக்கு வேறொருத்தி மேனேஜராகப் போய் நாளாகியிருந்தது. மகள் அவளுக்குக் கீழே விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்து அந்த ஊருக்கே போனாள். ஜோசியர் கடைக்குத் திரும்பினார். வேறென்ன தெரியும் அவருக்கு? பரிசுக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கேள்விகளைக் குறைத்துக்கொண்டார். எதைக் காட்டுகிறார்களோ அதை எடுத்துக் கொடுத்தார். நல்ல தேர்வு சார், என்றார்.

வருடம் திரும்பியதும் ஒரு தரம் மகளைப் பார்க்கப் போனார். அவள் கதவைத் திறந்து, பையை வாங்கி, உட்காரச் சொன்னாள். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று விசாரித்தாள். ஒற்றை அறை, சுத்தமாக இருந்தது. புது ஃபிரிட்ஜ் வாங்கப்போகிறாள் போலும், கடைக்காரன் கொடுத்த படத்தாள் ஒன்று மேஜையில் கிடந்தது. இரண்டு மாடலைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தாள். அவள் காப்பி கலந்துகொண்டிருந்தபோது ஜோசியர் அதை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். இது போதும், இங்கிருந்து ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றியது.

"இந்த ரெண்டாவதுதான் நல்லதும்மா. கரண்டு கம்மியா இழுக்கும்."

அவள் காப்பியை அவர் முன்னால் வைத்தாள். அவர் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கி, நாலாக மடித்து, டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"நான் உங்களைக் கேக்கலப்பா," என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவரும் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். காப்பியைக் குடித்து முடித்தார். ராத்திரி பஸ்ஸுக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார். அவளும் இருங்கள் என்று சொல்லவில்லை.