எப்சிபா நட்ட மஞ்சள் கல்

சித்தூர் மிஷன் தெருவில் எப்சிபாவின் வீடு இந்தப் பக்கம், சர்ச் அந்தப் பக்கம். நடுவில் ஓடும் ரோடுதான் அவளுக்கு எமன். பெங்களூரிலிருந்து திருப்பதிக்குப் பறக்கிற வண்டிகளெல்லாம் குறுக்கு வழி என்று இந்தத் தெருவுக்குள் புகுந்துவிடும். அப்படி என்ன அவசரமோ! பெருமாள் எழுந்து ஓடியா போய்விடப் போகிறார்?

அவள் புருஷன் அசரியாவுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆனாலும் தினமும் சாயங்காலம் சர்ச் மணியை அவர்தான் அடிப்பார். கூட நடந்து வந்தாலே கோபம் வரும்.

"கண்ணுதான் போச்சு, காலு இருக்குது. அதையும் புடுங்காத எப்சி."

வாசலில் நின்று பார்ப்பதைத் தவிர அவளால் என்ன முடியும்? ஒருநாள் ஒரு கார் அவருடைய கைத்தடியைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டது.

முனிசிபல் ஆபீசுக்குச் செருப்புத் தேய நடந்தாள். "சூஸ்தாமம்மா", பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியே அனுப்பினார்கள். கடைசியில் முப்பதுக்கு மேல் போகக்கூடாதென்று ஒரு பலகை நட்டார்கள். எவன் மதித்தான்? ஆடுகள்தான் அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டன.

இதே டிரைவர்கள் அடுத்த தெருவிலுள்ள அம்மன் கல்லைக் கண்டால் மட்டும் வேகத்தைக் குறைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை அவள் கவனித்தாள். ஒரு விடியற்காலையில் ரோட்டோரம் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகினாள். பொட்டு வைத்தே அறியாத பரம்பரை அவளுடையது.

"ஆண்டவரே, மன்னிச்சிடு. எனக்கு வேற வழி தெரியல."

அன்றிலிருந்து வண்டிகள் ஊர்ந்தன.

"இன்னா எப்சி, எல்லாம் மெதுவா போய்க்கினு இருக்குது?"

"ஜெபம் பண்ணேங்க."

பொய் சொன்னாள். அது ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. ஆராதனையில் அசரியா எழுந்து சாட்சி சொன்னார்: "எம் பொஞ்சாதி ஜெபத்துக்கு எறங்கி, கர்த்தர் ரோட்டையே அடக்கிட்டாரு!"

கல்லைப் பற்றி அவரைத் தவிர சபைக்கே தெரியும். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பாவி மகள், பூமி பிளந்து விழுங்காதா என்று உட்கார்ந்திருந்தாள்.

வெளியே சபை மூப்பர் கிளமென்ட் வழிமறித்தார். "இன்னாமா அசிங்கம் இது? இன்னிக்கே எடுத்துடுவோம்."

"அண்ணா, அவரு உசுருண்ணா!"

"கர்த்தர் பாத்துக்குவாரு."

மத்தியானமே கல் போய்விட்டது.

சாயங்காலம் வாசலை மறித்து நின்றாள். "இன்னிக்கு வேணாங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

"கர்த்தரே வழி தொறந்துட்டாரு. இன்னும் இன்னா பயம்?" அவளை விலக்கிவிட்டு இறங்கினார் அசரியா. கைத்தடி சுவரில் சாய்ந்தபடி இருந்தது. இனி எதற்கென்று விட்டுவிட்டார் மனுஷன்!

தூரத்தில் வேன் ஹாரன் அலறியது. எப்சிபா உள்ளே ஓடி, மிச்சமிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, நடுரோட்டில் கைகளை விரித்து நின்றாள். வேன் குலுங்கி நின்றது. "அம்மா, தல்லீ!" என்று டிரைவர் கும்பிட்டான். பின்னால் வந்தவையும் வரிசையாக நின்றன. சர்ச் வாசலில் கிளமென்ட் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அசரியா நிதானமாக நடந்து ரோட்டைக் கடந்தார். அந்தப் பக்கம் போய் வீட்டுப் பக்கமாகத் திரும்பினார்.

"பாத்தியா எப்சி? எல்லாத்தையும் நிறுத்திட்டாரு!"

குங்குமம் கண்ணில் இறங்கி எரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நடுரோட்டிலிருந்து குரல் வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மணி அடித்தது. நாளைக்கும் அவர் தடியில்லாமல்தான் வருவார்.