எதிர்வீட்டு வாசலில் நின்று எடுத்த படம்

ஃப்ளாஷுக்குள் மின்சாரம் ஏறும்போது ஒரு சத்தம் வரும். காதோரம் கொசு வந்ததுபோலத் தொடங்கி, மெலிந்து, இன்னும் மெலிந்து, மேலே மேலே போய், காதுக்கு எட்டாத உயரத்தில் தொலைந்துபோகும். அது தொலைகிற இடத்தில்தான் வெளிச்சம் வெடிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வைட்ஃபீல்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் பின்மதில் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. மதிலோரத்து மரம் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடியை அதன் கீழே நிறுத்திப் படம் எடுக்க, ஒரு போட்டோக்காரப் பையன் மதிலேறிக் குதித்திருந்தான். மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்துவிட்டார். மணப்பெண் பட்டுப்புடவையோடு மதில்மேல் பாதியில் உட்கார்ந்திருந்தாள். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "பிரைவேட் பிராப்பர்ட்டி இது! நடீரி, நடீரி! கிளம்புங்க!"

"ஒரே ஒரு ஷாட் அண்ணா, வெயில் மாறிடும்" என்றான் பையன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். கண்ணை எடுக்காமலே ஓரடி பின்னால் வைத்தான். இன்னும் ஓரடி. பின்னால் என்ன இருக்கிறது, யாருடைய மண், அங்கே யார் நிற்கிறார்கள் என்ற கவலையே இல்லாத அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குதிகாலை எனக்குத் தெரியும். ஆடுகோடியில், நான் வளர்ந்த சந்தில், ஒரு முன்மதியத்தில் அது இப்படித்தான் பின்னால் பின்னால் போனது. அப்போது எனக்கு எட்டு வயது. பெரியப்பா செத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

உட்கார வைத்திருந்தார்கள். மார்பைச் சுற்றி வேட்டியால் நாற்காலியோடு கட்டி, தாடையையும் தலையையும் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிந்து, கால் கட்டைவிரல்களை ஒன்றாகச் சேர்த்து, மேலே மாலைகள். பல்வலிக்காரரைப்போல இருந்தார். இறந்தவரை நடுவில் உட்கார வைத்து, சுற்றிலும் குடும்பமே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் வீடுகளில் பல்லக்கு கிளம்பும். பெரியப்பாவுக்கு அந்தப் படம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஊரில் நடந்த அவர் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வரவில்லை. பிறகு எடுக்கிற ஆசையும் அவருக்கு வரவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் ஃபேக்டரி அடையாள அட்டையில் ஒட்டிய தபால்தலை அளவு முகம்.

ஆனால் அன்று காலையிலிருந்து எல்லார் கண்ணும் பெரியப்பாமேல் இல்லை. எதிர்வீட்டுக் கேட்டின்மேல் இருந்தது.

எதிர்வீட்டுக்காரரும் பெரியப்பாவும் ஒரே ஊர். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரே நாளில், ஒரே ரயிலில் வந்து இறங்கி, ஒரே ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, கதவைத் திறந்தால் ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்கவேண்டும் என்றே எதிரெதிரே வீடு கட்டிக்கொண்டவர்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு சாக்கடை ஓடியது. அதன்மேல் ஒரு கருங்கல் பலகை. அந்தக் கல் ஆடும். மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், காலை எடுத்தால் இன்னொரு 'டக்'. ஒரு மழைநாளில் பெரியப்பா அதில் வழுக்கிவிழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். கல்லைச் சரி செய்யவேண்டியது யார் என்று பேச்சு வந்தது. உன் வீட்டுக் கல் என்றார் இவர். உன் வீட்டுக் கல் என்றார் அவர். சிமெண்ட் பூசுகிறவருக்கே கல் சொந்தம் என்று ஆகிவிடும் என்பதால் இருவரும் பூசவில்லை. கல் ஆடிக்கொண்டே இருந்தது. பேச்சும் ஆடி ஆடி எங்கேயோ போய், கடைசியில் சந்தே கேட்கும்படி முடிந்தது.

"என் சாவுக்குக்கூட நீ என் வாசப்படி ஏறக் கூடாது!" இது பெரியப்பா.

"நீ என் கேட்டுக்குள்ள கால வெச்சுப் பாரு. ஒடிச்சுக் கையில குடுக்கறேன்!" இது அவர்.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த சண்டை அது. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறார்கள். பந்து அந்தப் பக்கம் போனால் போனதுதான்.

அதனால், ஒப்பாரிக்கு நடுவே பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "எதிர் கேட்டு தொறக்குதான்னு பாத்துக்கிட்டே இரு. தொறந்தா ஓடிவந்து சொல்லு" என்று காதுக்குள் சொன்னபோது, எனக்கு எவ்வளவு பெரிய வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது உடனே புரிந்துவிட்டது. எதிரி வருவான். பிணத்துக்கு முன்னால் சண்டை நடக்கும். முதலில் பார்க்கப்போவது நான்.

பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பச்சை கேட். அதன் பின்னால் துவைக்கிற கல். அப்புறம் மூடிய கதவு. கதவோரம் சாய்த்துவைத்த ஒரு கடப்பாரை. மாலையோடு வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றும்போதே மெல்லக் கேட்டார்கள், "வந்தானா?" மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார், "வரட்டும் மச்சான். இன்னிக்கு இருக்கு அவனுக்கு." நான் அவ்வப்போது ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம், "தொறக்கல பெரியம்மா, பயப்படாத" என்றேன். ஒவ்வொரு முறையும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் தொங்கியது. அழுது அழுது களைத்துப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டூடியோவிலிருந்து போட்டோக்காரர் வந்தார். கன்னடக்காரர். தமிழை வளைத்து நெளித்துப் பேசுவார். மாமா அவர் தோளில் கைபோட்டு, "எங்க வேணா நின்னு எடுங்க. அந்தப் பக்கம் மட்டும் போவாதீங்க" என்றார். "ஆயித்து சார்" என்று அவர் தலையாட்டினார். ஆனால் கேமராவைக் கண்ணில் வைத்த பிறகு போட்டோக்காரருக்கு வேறு உலகம். அதில் நாம் சொன்னதெல்லாம் இருக்காது.

குடும்பம் நாற்காலியைச் சுற்றி நின்றது. நான் முன்வரிசையில், பெரியப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில். அவர் வேட்டியிலிருந்து பன்னீரும் ஊதுபத்தியும் கலந்த வாசனை வந்தது.

"எல்லாரும் ஸ்வல்ப ஒட்டி நில்லுங்க. ஐயாவோட காலு வரல்ல."

"கால் வராட்டி பரவால்லைங்க, முகம் வந்தாப் போதும்" என்றார் மாமா அவசரமாக.

பெரியம்மா அழுகையை நிறுத்தினாள். "முழுசா எடு தம்பி. அந்த மனுஷன் ஒரு போட்டோவுலயும் முழுசா இல்ல. கால் வரணும்."

எங்கள் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி ஒதுங்கவேண்டும். முழு மனிதன் ஒருவனைப் படத்துக்குள் கொண்டுவர அங்கே தூரம் இல்லை. தூரம் இருந்ததெல்லாம் பச்சை கேட்டுக்குப் பின்னால்தான்.

போட்டோக்காரர் ஓரடி பின்னால் வைத்தார். கல் 'டக்' என்றது. இன்னும் ஓரடி, 'டக்'. முதுகு கேட்டில் இடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையைப் பின்னால் விட்டுத் துழாவி, தாழ்ப்பாளைக் கண்டுபிடித்து, தன் வீட்டுக் கேட்டைத் திறப்பதுபோலத் திறந்தார்.

நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஆடக் கூடாது, அசையக் கூடாது என்று அவரே சொல்லியிருந்ததால் ஒருவரும் அசையவில்லை. மாமா மட்டும் உதட்டை அசைக்காமல், "யோவ்... யோவ்... வேணாய்யா" என்று பல்லுக்குள் முனகினார். குதிகால் உள்ளே போனது. ஒரு குடத்தை இடறியது. குடம் உருண்டு சுவரில் மோதி ஒலித்தது. அவர் துவைக்கிற கல்மேல் ஏறி நின்றுகொண்டார். "ஆங்! இப்ப காலு வருது!"

ஒடித்துக் கையில் கொடுப்பார். போட்டோக்காரரின் கால் அவர் கையிலேயே இருப்பதை நான் கண்கூடாகப் பார்த்தேன்.

"பந்தல் நிழல்ல முகம் கறுப்பா வருது. லைட் ஏறட்டும், இருங்க" என்றார். ஃப்ளாஷுக்குள் அந்தச் சத்தம் தொடங்கியது. கீ...

கதவு திறந்தது.

எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். தலை ஈரமாக இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சண்டைக்கு யாராவது வெள்ளைச் சட்டை போடுவார்களா என்று ஒரு விநாடி தோன்றியது. அவர் குனிந்து கடப்பாரையை எடுத்தார். தோன்றியது போய்விட்டது. சத்தம் மெலிந்துகொண்டே மேலே ஏறியது. என் தோள்மேல் இருந்த அம்மாவின் கை இறுகி நகம் பதிந்தது. அவர் நடந்துவந்து போட்டோக்காரருக்குப் பின்னால் நின்றார். போட்டோக்காரர் எதையோ உணர்ந்து, கண்ணை எடுக்காமலே சொன்னார், "சாரி சார். ஒந்தே ஒந்து படம். போயிடுவேன்."

"காலு தெரியுதா?" என்று அவர் கேட்டார்.

"தெரியுது சார்."

"அப்ப எடு."

வெளிச்சம் வெடித்தது.

அந்தப் படம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பெரியப்பா முழுசாக இருக்கிறார், கட்டிய கால் கட்டைவிரல்கள் வரைக்கும். அவரைத் தவிர நாங்கள் ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கேமராவுக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் பின்னால் நிற்கிறது. படத்தில் இல்லாத ஒருவரைக் குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கிறது. துக்கம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. பயம்தான் தெரியும். பெரியம்மா முகத்தில் மட்டும் பயம் இல்லை. அங்கே இருப்பது என்னவென்று எனக்கு அன்றைக்குப் படிக்கத் தெரியவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் போட்டோக்காரரைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, கடப்பாரையோடு சந்துக்கு வந்தார். மாமா வரிசையிலிருந்து பாய்ந்தார். அப்பா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "சும்மா இருடா" என்றார், எனக்கு முன்பின் தெரியாத ஒரு குரலில். எதிர்வீட்டுக்காரர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சாக்கடைக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி, சட்டைப்பையிலிருந்து உடைந்த ஓட்டுச் சில்லுகளை எடுத்து ஒவ்வொன்றாக இடுக்கில் செருகினார். மேலே ஏறி நின்றார். அமுக்கிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. வெள்ளைச் சட்டையில் சாக்கடைச் சேறு தெறித்திருந்தது. எங்கள் வாசல் ஓரடி தூரத்தில் இருந்தது. அந்த ஓரடியை அவர் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

பெரிய ஆபத்து நீங்கியது என்று எனக்கு மூச்சு வந்தது. ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன், "போயிட்டாரு பெரியம்மா. உள்ள வரவேயில்ல." நல்ல செய்தி என்றுதான் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் அந்தக் கல்மேல் ஏறிக் குதித்தேன். இரண்டு காலாலும் குதித்தேன். ஆடவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பெரியப்பா வரும்போதெல்லாம் எங்கள் வீடு முழுக்கக் கேட்கும் அந்த 'டக்', எதிர்வீடு முழுக்கவும் கேட்டிருக்கும் அல்லவா, அது இல்லை. அதையும் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன், ஒரு வெற்றியைச் சொல்வதுபோல. அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். என்மேல் என்ன கோபம் என்று நாளெல்லாம் யோசித்தேன்.

எதிர்வீட்டுக்காரர் எங்கள் படி ஏறியதில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி. சாவுக்கு வரக்கூடாது என்று சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டவர் கேட்டபடியே இருந்தார். யாருக்கும் கட்டுப்படாத ஒரு போட்டோக்காரரின் குதிகாலுக்குத்தான் நடுவில் வழி தெரிந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுக்காக நான் செக்யூரிட்டியிடம் பேசினேன் என்று சொல்ல ஆசைதான். பேசவில்லை. மணப்பெண்ணுக்குக் கைகொடுத்து மதிலிலிருந்து இறக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

பெரியப்பாவின் பல்லக்கு கிளம்பியபோது மேளம் உச்சத்தில் இருந்தது. பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு உள்ளே, இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சுமந்தவர்கள் வாசலில் திரும்பி, கல்லை மிதித்து, தாண்டிப் போனார்கள். கல் மூச்சுவிடவில்லை. அப்போது அவர் ஏதோ சொன்னார். சுமக்கிறவர்களுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் அதற்குள் சந்தின் முனைக்குப் போயிருந்தார்கள், பல்லக்கின் பூக்கள் மட்டும் கூட்டத்துக்கு மேலே ஆடித் தெரிந்தன, அவர் அந்தப் பூக்களைப் பார்த்துத்தான் சொன்னார்:

"கல்லு இனிமே ஆடாது. பாத்துப் போடா."